பேரைப் போடு

ஞாயிற்றுக்கிழமை, சிராங்கூன் ரோட்டுக்குப் போகும் பேருந்தில் என் முன்னிருக்கையில் கப்பல் பட்டறை ஊழியர்கள் இருவர்.

"மொத புரோகிராம் எழுதிட்டேன்டா, பிரவுசர்லயே ஓடுது. பேரைப் போட்டு பட்டனைத் தட்டினா, அந்தப் பேரைச் சொல்லி 'சாப்பிட்டாச்சா?'ன்னு கேக்கும்."

"யாருக்கு அனுப்புன?"

"ஊர்ல பொண்டாட்டிக்குத்தான். உன் பேரைப் போடுன்னேன். போடல."

"அப்ப உன் பேரா?"

"என் பேரை அவ என்னிக்குச் சொல்லியிருக்கா? இந்தா, ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கா."

நண்பன் போனை வாங்கி, திரையில் இருந்ததை வாய்விட்டுப் படித்தான்.

"என்னங்க, சாப்பிட்டாச்சா?"

பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"நீ என்ன சொன்ன?"

"பதில் சொல்றதுக்கு அதுல இடமே வைக்கலடா."