சம்பளம் கேட்காத ஆள்

"ராத்திரி நீ தூங்கத்தானே போறே?" என்று கேட்டாள் ஹோம் நர்ஸ் ஏஜென்சிக்காரம்மா.

"எங்கேம்மா தூங்குறது? ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பெரியவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும். இல்லேன்னா முதுகு புண்ணாயிடும்."

"திருப்பிட்டு மறுபடி படுத்துக்குவே இல்ல? தூங்குறதுக்கு யாராவது சம்பளம் தருவாங்களாடி? பகலுக்குத்தான் கணக்கு."

என் சிநேகிதியின் நாத்தனாருக்குக் கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. கூடவே வீட்டு வாடகை ஞாபகமும் வந்தது. விழுங்கிவிட்டாள்.

இது அவளே சொன்னது. பொய் சொல்லத் தெரியாதவள், சொல்லவும் நேரமில்லாதவள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... அந்த ஜன்னலையும் சாத்திவிடுங்கள்.

ராத்திரி ஒன்பது மணி. கடைசி பஸ் அவளை இறக்கிவிட்டுப் போய்விட்டது. நீளமான தெரு... ஒரு விளக்குகூட எரியவில்லை. கோடியில் அந்த மாடி வீடு.

பெரியவரின் மருமகள் கதவைத் திறந்தாள். "வா சிஸ்டர். ஸ்டோர் ரூம்ல பையை வச்சுக்கோ. பாய் அங்கேயே இருக்கு."

இருந்தது. முந்தின நாள் வரைக்கும் அதில் படுத்தவள் தைலக்கா. எந்நேரமும் முதுகுவலித் தைலம் மணக்கும் என்பதால் ஏஜென்சியில் எல்லோருக்கும் அவள் தைலக்காதான். நாலைந்து வருஷம் அந்த வீட்டுப் பெரியவரைத் தூக்கி, துடைத்து, திருப்பியவள். அன்று விடியற்காலை அந்தப் பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை. பெரியவர் நனைந்து கிடக்கிறாரே என்று திட்டப் போனவர்கள்தான் பார்த்தார்களாம். உடனே ஏஜென்சிக்குப் போன் போட்டார்கள், வேறு ஆள் வேண்டும் என்று.

பாயைக்கூட மாற்றவில்லை.

நாத்தனாருக்கு அதில் படுக்க மனம் வரவில்லை. கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தே ராத்திரிகளைத் தள்ளினாள். அலாரம் அடிக்கும், எழுந்து திருப்புவாள். பகலில் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துவைப்பது. இப்படியே சில வாரங்கள். ஒரு நாள் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அலாரம் அடித்து ஓய்ந்ததே தெரியாமல் தூங்கிப்போனாள்.

விழித்தபோது விடியப் போகிற நேரம். ஐயோ என்று கட்டிலுக்குப் பாய்ந்தாள்.

பெரியவர் அழகாக வலது பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முழங்கால்களுக்கு நடுவே தலையணை. முதுகுக்கடியில் விரிப்பு ஒரு சுருக்கமில்லாமல் இழுத்துவிடப்பட்டிருந்தது. தொழில் தெரிந்த கை.

அறையில்... தைல வாசனை.

காலையில் மகனிடம் போனாள். "ராத்திரி அப்பாவை நீங்க திருப்பினீங்களா சார்?"

"நானா? எனக்கு அவரைத் தொடவே பயம். அப்போ நீ தூங்கிட்டே, அதானே?"

அன்று சாயங்காலமே கட்டிலுக்கு எதிரே கேமரா வந்துவிட்டது. ஸ்டோர் ரூமுக்கு ஒரு ஃபேன் கேட்டுக் கேட்டுத் தைலக்கா ஓய்ந்துபோன வீட்டில், கேமரா ஒரே நாளில்.

அன்று ராத்திரி எவ்வளவு முயன்றும் அவளுக்குக் கண் சொருகியது. சரக்... சரக்... ரப்பர் செருப்புச் சத்தம். இமையைத் தூக்க முடியவில்லை. தொங்கிய அவள் தலைக்கடியில் யாரோ மடித்த துணியொன்றைச் செருகினார்கள். அவ்வளவு பதமாக. பயப்படக்கூட மறந்து தூங்கிவிட்டாள்.

மறுநாள் ஹாலில் மூன்று தலைகள் ஒரு போனுக்குள். நாற்காலியில் அவள் தூங்குவது தெரிந்தது. "பாத்தியா!" என்றான் மகன்.

பிறகு போர்வை தானாக விலகியது. பெரியவரின் தோள் மெல்ல எழும்பியது... இடுப்பு... கால். பக்கத்தில் யாருமில்லை. தலையணை காற்றில் வந்து முழங்கால்களுக்கு நடுவே புகுந்தது. விரிப்பின் மேல் உள்ளங்கை அளவு பள்ளம் ஒன்று... நகர்ந்து நகர்ந்து சுருக்கத்தை நீவியது.

போன் மகனின் கையிலிருந்து விழுந்தது. மருமகள் முகத்தில் ஈயாடவில்லை.

கொஞ்ச நேரம்தான். அவள் முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது. கணவன் காதைக் கடித்தாள். "ஏங்க... யாரா இருந்தா நமக்கென்ன? நல்லாத்தானே பாத்துக்குது. பகலுக்கு மட்டும் ஏதாவது சின்னப் பொண்ணைக் குறைஞ்ச காசுக்குப் புடிச்சுக்கலாம்."

மகன் யோசித்தான். "சம்பளமும் கேக்காது," என்றான்.

சிரிக்காதீர்கள். அப்படித்தான் சொன்னானாம்.

நாத்தனாரின் பயம் போன இடம் தெரியவில்லை. செத்த பிறகும் ஒருத்திக்கு ஓய்வில்லை. அதையும் லாபத்தில் சேர்க்கிறார்களே! எழுந்து நின்றாள்.

"என்ன சிஸ்டர், முறைக்கிறே? உன்னை மாதிரி நூறு பேர் கிடைப்பாங்க. பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு," என்றான் மகன்.

"கிளம்புறேன் சார். கேக்க வேண்டியதைக் கேட்டுட்டுத்தான்."

"என்னத்தைக் கேக்கப் போறே?"

வாடகை ஞாபகம் இப்போதும் வந்தது. வந்தால் வரட்டும்.

"நான் முழிச்சிருந்த ராத்திரிக்கெல்லாம் சம்பளம் குடுங்க."

அப்போது ஸ்டோர் ரூம் பக்கம்... சரக்... சரக்... நடையைத் தாண்டி, ஹாலுக்குள் வந்து, நாத்தனாரின் தோளருகே நின்றது. தைல வாசனை மூக்கில் ஏறியது.

"எனக்கும்," என்றது ஒரு குரல்.