புனிதர் படம் போட்ட டப்பா

ஸ்லாவிட்சா: ...அட, எடுத்துக் குடு கூமா! மருந்துக்கடை வச்சிருக்கறவ வந்த ஆளைத் திருப்பி அனுப்புவாளா?

ரத்மிலா: இளைக்கிற மாத்திரை உனக்குக் கிடையாது. உன் கல்யாணத்துக்குச் சாட்சியா நின்னுதான் உனக்குக் கூமா ஆனேன். சாவுக்கும் நிக்கணுமா?

ஸ்லாவிட்சா: உன் வாயில நல்ல வார்த்தையே வராதா! இது மூலிகைடி. பாரு, நான் தின்னு முடிச்ச டப்பா. மடாலயத்துல துறவிங்க செஞ்சது... புனிதர் படமே இருக்கு.

ரத்மிலா: படத்தை எவன் வேணா ஒட்டலாம். உள்ள தேயிலையைச் சுண்டக் காய்ச்சி அடைச்சிருக்கான். கூட என்னென்னவோ... பேரே போடல.

ஸ்லாவிட்சா: தேயிலைதானே! தினம் குடிக்கிறதுதானே!

ரத்மிலா: கோப்பையில குடிச்சா தேயிலை. அத்தனையையும் ஒரு மாத்திரைக்குள்ள திணிச்சா...

ஸ்லாவிட்சா: இளைச்சிருக்கேனே! பாவாடை நழுவுது!

ரத்மிலா: பெரிய நோன்புல இறைச்சி இல்ல, பால் இல்ல, முட்டை இல்ல. இளைக்காம என்ன செய்யும்? இளைக்க வச்சது நோன்பு, மாலை டப்பாவுக்கா?

ஸ்லாவிட்சா: நோன்பு வருஷா வருஷம்தான் இருக்கேன்... இப்பத்தானே இளைச்சேன்!

ரத்மிலா: கையை ஏன் சொறியிற?

ஸ்லாவிட்சா: பனிக்கு... தோல் வறண்டிருக்கு.

ரத்மிலா: வெளிய பிளம் மரம் பூத்துக் கிடக்கு. பனியாம்! அப்படி என்னடி அவசரம்?

ஸ்லாவிட்சா: கோடை வருதுல்ல... கடலுக்குப் போகணும்.

ரத்மிலா: நீயா? தண்ணியைக் கண்டாலே அலறுவியே!

ஸ்லாவிட்சா: ...சரி. யார்கிட்டயும் சொல்லாதே. தம்பி நெனாதுக்குக் கல்லீரல் போயிடுச்சு. என்னோடதுல ஒரு துண்டு வைக்கலாமாம். ஆனா என்னோடதுல கொழுப்பு படிஞ்சிருக்காம். எடையைக் குறைச்சுட்டு வான்னாங்க.

ரத்மிலா: கூமா... இந்த மாதிரி மாத்திரை சில பேருக்குக் கை வைக்கிறதே கல்லீரல்லதான். உன் அரிப்பும் அதனால இருக்கலாம்.

ஸ்லாவிட்சா: ஐயோ! அவனுக்குக் குடுக்க வேண்டியதை நானே கெடுத்துட்டேனா?

ரத்மிலா: அழாதே. எல்லாருக்கும் அப்படி ஆகாது. நேரா டாக்டர்கிட்ட போ, டப்பாவைக் காட்டு, ரத்தம் சோதிக்கக் குடு. சீக்கிரம் நிறுத்தினா பெரும்பாலும் தானே தேறிடும். அப்புறம் சாப்பாட்டைப் பாரு, நட. மெதுவாத்தான் குறையும்... ஆனா நிஜமா குறையும்.

ஸ்லாவிட்சா: மெதுவாவா? அதுவரைக்கும் அவன் தாங்குவானா?

ரத்மிலா: இலையுதிர் காலம் வரைக்கும் பொறுக்கலாம்னு டாக்டர் சொன்னாராம்.

ஸ்லாவிட்சா: சொன்னாராமா? ...உனக்கு யாரு சொன்னா?

ரத்மிலா: உன் தம்பிதான். உன் வாயால வரட்டும்னுதான் தெரியாத மாதிரி கேட்டேன். 'அக்கா வீட்டுல டப்பாவைப் பார்த்தேன், அவளுக்கு வித்துடாதே'ன்னு காலைப் பிடிக்காத குறை. ஜன்னல்ல எட்டிப் பாரு... ஷூ மாட்டிக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருக்கான். உன்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவான். நாளையிலேருந்து ஆத்தோரம் உன்கூட நடக்கவும் வர்றானாம். 'மெதுவா நடக்கச் சொல்லு, என்னை விட்டுட்டு ஓடிடுவா'ங்கிறான்.