அண்ணா, ஜன்னல்

ஜன்னல் திறந்திருந்தால் எனக்கு ஜலதோஷம் பிடித்துக்கொள்ளும். என் தம்பிக்கோ மூடியிருந்தால் மூச்சு முட்டும். இருவருக்கும் ஒரே அறை. படுத்தபடியே "அண்ணா, ஜன்னல்" என்பான். நான் முணுமுணுத்துக்கொண்டே எழுந்துபோய்த் திறப்பேன். ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

வளர்ந்ததும் இருவரும் ஒரே அணிக்குக் கார் ஓட்டினோம். பந்தயக் காரைத் தரையோடு அழுத்திப் பிடிப்பது காற்று. முன்னால் போகிற கார் அந்தக் காற்றைக் கலக்கிவிட்டுப் போகும். ஒட்டிக்கொண்டு பின்னால் வருகிறவனுக்கு நேர்பாதையில் அது லாபம். வேகமான வளைவில் அதுவே எமன். காரின் மூக்கில் இருக்கும் முன்சிறகுக்கு நல்ல காற்று கிடைக்காது. சக்கரத்துக்குப் பிடி போய்விடும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகத்தான் போகும்.

அதற்கு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. இரண்டு காருக்கும் இடையே மட்டும் ஒரு தனி ரேடியோ. பின்னால் இருப்பவன் "ஜன்னல்" என்றால், முன்னால் இருப்பவன் அரை கார் அகலம் ஒதுங்கிக் காற்று விடவேண்டும். மெக்கானிக் எங்களைக் கிண்டல் செய்வார்.

"அவனவன் அண்ணன் தம்பிக்கு நடுவுல சுவர் எழுப்பறான். நீங்க ஜன்னல் வைக்கறீங்களாப்பா?"

அடுத்த வருடம் ஒருவருக்குத்தான் இடம் என்றார் அணி முதலாளி. கடைசிப் பந்தயத்தில் எங்களில் யார் முந்துகிறாரோ அவருக்கு. தம்பி என்னைவிட வேகம். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். நான் அஞ்சியதே அவனுக்குத்தான்.

கடைசிச் சுற்றில் நான் முன்னால், அவன் என் வாலைப் பிடித்துக்கொண்டு. பெரிய வளைவு வந்தது. "அண்ணா, ஜன்னல்" என்றான். நான் ஒதுங்கவில்லை. அவனாக ஒதுங்கப் பார்த்தான். கண்ணாடியில் பார்த்து நானும் அவனுக்கு நேர் முன்னால் நகர்ந்தேன். திறப்பேன் என்ற நம்பிக்கையில் அவன் வேகத்தைக் குறைக்கவே இல்லை. "அண்ணா" என்றான் இன்னொரு முறை. அதற்குப் பிறகு சுவர்தான்.

விசாரணைக் குழு என் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. ஒரு கீறல் இல்லை. நான் அவனைத் தொடவே இல்லையே. ரேடியோவில் எதுவும் கேட்கவில்லை என்றேன்; நம்பினார்கள்.

அம்மாதான் விடவில்லை.

"கடைசியா உன்கிட்ட என்னடா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"உன்னைக் கூப்பிடக்கூட இல்லையா?"

"இல்லம்மா."

யாரையும் கூப்பிடாமலே பிள்ளை போய்விட்டானே என்று அதையே சொல்லிச் சொல்லி அழுகிறாள். கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

கூப்பிட்டான் ஐயா. இரண்டு தடவையும் எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்டுத்தான் மூடினேன். கார் திரும்பாது என்று தெரியும். பின்தங்கிவிடுவான், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த வளைவில் சுவர் இருப்பது அப்போது நினைவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். வருடக்கணக்காக நான் ஓட்டிய பாதைதான்.

இப்போது அந்த அறையில் தனியாகப் படுக்கிறேன். ஜன்னலைச் சாத்தக் கை வரவில்லை. ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. குரல் இப்படிக் கம்மியிருப்பது அதனால்தான், வேறொன்றுமில்லை.