அம்மாவின் சேலைகள் பதினொன்று

"இறங்கு! கீழ இறங்கு! தலையைக் குனி!"

கத்துவது நான். படிக்கட்டில் மகள் மிதுனாவின் கையைப் பிடித்து இழுக்கிறேன். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரம். செவ்வாய்க்கிழமை காலை. வெளியே பொலிஸ் ஒலிபெருக்கி. எங்கள் தெருமுனையில் அத்திவாரம் வெட்டியவர்கள் ஒரு குண்டைக் கண்டிருக்கிறார்கள். உலகப் போர்க்காலத்துக் குண்டு. இன்னும் வெடிக்கக்கூடுமாம். எல்லோரும் தெருவை விட்டு வெளியேற வேண்டும்.

நான் வீட்டின் அடியிலுள்ள கெல்லருக்குள் இறங்குகிறேன்.

"அம்மா, கீழ இல்லை! வெளியால!"

மிதுனா இங்கே பிறந்தவள். குண்டு என்றால் ஓடிப்போக ஓர் இடம் இருக்கும் என்று நம்புகிறாள். என் கால்கள் வன்னியில் பழகியவை. அவற்றுக்குக் கீழே மட்டும்தான் தெரியும்.

அன்று வன்னியில் கத்தியவர் அப்பா. "பங்கருக்குள்ள இறங்குங்கோ!" கடைசிப் போரின் மாசி மாதம். தூரத்தில் 'டும்'. பிறகு தலைக்கு மேலே ஷெல்லின் கூவல். அப்பா, அம்மா, தங்கச்சி சுதா இறங்கினார்கள். நான் தண்ணீர்க் குடத்தோடு பின்னால் வந்தேன். கூவல் நின்றது. நின்றால் நம் தலையில்தான். விழுந்து எழும்பியபோது பங்கர் வாசல் இல்லை. மண் மட்டும். கையால் கிண்டினேன். அயலவர்கள் என்னை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர்கள் இல்லையென்றால் மிதுனாவும் இல்லை.

இங்கே எங்களை ஒரு பாடசாலை மண்டபத்தில் இருத்துகிறார்கள். கோப்பி தருகிறார்கள். சனம் சீட்டு விளையாடுகிறது. எனக்குக் குண்டைவிடக் கையிலிருக்கும் போன்தான் பயம். இன்று ஊரிலும் அத்திவாரம் வெட்டுகிறார்கள். இராணுவம் வைத்திருந்த காணி போன வருடம்தான் திரும்பக் கிடைத்தது. தம்பி ரூபன் வீடு கட்டுகிறான். ஷெல் விழுந்த அன்று அவன் வவுனியாவில் படித்துக்கொண்டிருந்தான். பங்கர் இருந்த இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். கிணறு தூர்ந்துவிட்டது. பலாமரம் இல்லை. அவன் அனுப்பிய படத்தில் வெறுங்காணி. ஒன்றும் பிடிபடவில்லை. ஆசாரி வந்து மனை பார்த்து நிலையம் எடுத்துக் கொடுத்துவிட்டார். வீடு எங்கே வரவேண்டும் என்பது அவர் கணக்கு. அதன் கீழே யார் கிடக்கிறார்கள் என்பது அதில் இல்லை.

ரூபனிடம் ஒன்று சொல்லியிருந்தேன். சேலைத்துணி கண்டால் நிறுத்து. பங்கருக்கு மண்மூட்டை தைக்கச் சாக்கு கிடைக்காமல் அம்மா சேலைகளை வெட்டினாள். கடைசியில் சரிகை போட்ட தன் கல்யாணக் கூறையையும் வெட்டினாள். "உயிர் இருந்தாத்தானே கட்டுறதுக்கு" என்றாள்.

போன் அடிக்கிறது.

"அக்கா, ஒரு துணி வந்திருக்கு. உக்கிப் போச்சு. சரிகை மட்டும் மினுங்குது."

"மண்வெட்டியைப் போடு! ஒருத்தரையும் வெட்ட விடாத!"

மண்டபமே திரும்பிப் பார்க்கிறது. மிதுனா என் தோளைப் பிடிக்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு வந்தது. குண்டைச் செயலிழக்கச் செய்துவிட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் வாய்விட்டு அழுதேன். பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து ஒரு வயதான ஜெர்மன்காரி கைலேஞ்சி நீட்டினாள்.

மூவரையும் முறைப்படி எடுத்த பிறகு ரூபன் வீட்டை மேற்கே தள்ளிக் கட்டுவான். மேற்கே மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த ஜெர்மன் ஊரே இவ்வளவு காலம் கழித்தும் குண்டுகளைக் கிண்டி எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

இழந்தவற்றைச் சொல்கிறேன். கல்வீடு ஒன்று. கிணறு ஒன்று. பலா ஒன்று. பசு இரண்டு. அப்பா. அம்மா. சுதா, பதினேழு வயது. அம்மாவின் சேலைகள் பதினொன்று.

பதினொன்று என்றுதான் இத்தனை காலமும் சொல்லி வந்தேன். இனிப் பத்து.