தானாக விரியும் இடம்

உங்கள் ஸ்டேஷன் கணினிக்குள் தூசி அதிகம் சார். மாதம் ஒருமுறை திறந்து ஊதிவிட்டால் இன்னும் ஐந்து வருடம் ஓடும்.

பதினோரு வருடம் நான் அந்த வேலையைத்தான் செய்தேன். அப்துல் ஜப்பார் பாய்க்கு ஸ்கேன் மையங்கள் மூன்று: கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர், ரிஷிவந்தியம். ஒவ்வொன்றிலும் படங்களைச் சேமிக்க ஒரு சர்வர், மூன்றுக்கும் நான். போன ஆவணியில் எழில்மதி வேலைக்குச் சேர்ந்தாள். மூன்றையும் கிளவுடுக்கு மாற்றி, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஸ்டோரேஜ் வைத்தாள். எந்த ஊரில் எடுத்த படமும் அதில் போய் விழும். சென்னையில் இருக்கும் மருத்துவர் அதைப் பார்த்து அறிக்கை தருவார்.

"எடம் பத்தலன்னா அதுவே வளந்துக்கும் பாய். யாரும் பாத்துக்கினு இருக்கத் தேவயில்ல" என்றாள்.

பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை.

"தானா வளர்றது ஒருநாள் தானா நிக்கும்" என்றேன்.

அது நிற்கவில்லை. ஐந்து மாதம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஸ்டோரேஜின் அமைப்புக்குள் நுழைந்து, இதற்கு மேல் வளராதே என்று ஒரு வரம்பு வைத்தேன். ஒரே ஒரு வரி. ஆறு நாளில் நிரம்பியது.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு வெள்ளிமலையிலிருந்து தமிழழகனைக் கள்ளக்குறிச்சி மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். மரவள்ளிக் கிழங்கு ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்தவன். பேசிக்கொண்டேதான் வந்தான். தலையை ஸ்கேன் எடுத்ததும் எழில்மதி அந்த அறையிலிருந்து என் அறைக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, படம் ஏற மாட்டேங்குது. எடம் இல்லங்குது. இன்னான்னு பாருங்கண்ணே, ஆளு மயங்கிக்கினே போறாரு."

"பாக்குறேம்மா" என்றேன்.

வரம்பை எடுக்க இரண்டு விநாடி போதும். நான் எடுக்கவில்லை. அவள் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பிப் பார்த்தாள். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றுவிட்டார் சென்னை மருத்துவர். அவன் அம்மா கொளஞ்சியம்மாள் வராந்தாவில் அழுவது என் அறைக்குக் கேட்டது. எழுந்து கதவைச் சாத்தினேன். சத்தத்தில் எனக்கு வேலை ஓடாது.

ஒரு மணிக்கு பாய் கூப்பிட்டார். "அரங்கநாதா, நீ அன்னிக்கே சொன்ன. நான்தான் கேக்கல. எப்படியாவது சரி பண்ணுப்பா."

நாற்பது நிமிடம் அதற்காகத்தான் காத்திருந்தேன். வரம்பை எடுத்தேன். படங்கள் வரிசையாக ஏறின. உள்ளே இரத்தம் கட்டியிருக்கிறது, உடனே சேலம் கொண்டுபோங்கள் என்று அறிக்கை வந்தது. ஆம்புலன்ஸ் சின்னசேலத்தைத் தாண்டவில்லை.

எழில்மதி அடுத்த வாரமே வேலையை விட்டாள். தன் தப்பு என்றே நம்பினாள். நான் ஆறுதலாகத்தான் பேசினேன். வரம்பு வைத்தவர் பெயரும் நேரமும் பதிவில் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதை அழிக்கவில்லை. வேலையில் நான் ஒழுங்கானவன்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். வரம்பு வைத்தது நான். எடுக்காமல் இருந்ததும் நான். தமிழழகனைக் கொன்றது தலைக்காயம்.