நாரி நோவுக்கு ஒரு படம்

விக்னராஜா: ...இப்ப நாரி நோ குறைஞ்ச மாதிரிக் கிடக்கு, சிவமலர்.

சிவமலர்: இருங்கோ.

விக்னராஜா: உண்மையாத்தான். பஸ் குலுக்கின குலுக்கிலை இடுப்பெலும்பு தன்ரை இடத்திலை போய் இருந்திட்டுது போலை.

சிவமலர்: ரெண்டு மணித்தியாலம் பஸ்ஸிலை வந்தது படம் பிடிக்க. இருங்கோ எண்டால் இருங்கோ.

விக்னராஜா: பலேர்மோவிலை இல்லாத ஆசுப்பத்திரியே? இந்த மலைக்குள்ளை கொண்டந்து... வாசலிலை செம்மறியாடு நிக்குது!

சிவமலர்: பலேர்மோவிலையும் கேட்டனான். மாசி மாதம் வரச் சொன்னவை. இஞ்சை ஒரு கிழமையிலை தந்திட்டினம்.

விக்னராஜா: மாசி மட்டும் பொறுத்திருக்கலாமே. என்ரை நாரி எங்கை ஓடப்போகுது?

சிவமலர்: நாரி ஓடாது. நீங்கள் ஓடுவியள்.

விக்னராஜா: மெஷினும் ஒண்டுதானாம். அதிலை படம் பிடிக்கிறவரும் கோப்பி குடிக்கப் போயிட்டாராம்.

சிவமலர்: வருவர்.

விக்னராஜா: கோப்பிக்குப் போன இத்தாலிக்காரன் எப்ப திரும்பி வந்தவன்? வாரும், அடுத்த பஸ்ஸைப் பிடிப்பம்.

சிவமலர்: நாரி நோகுதெண்டு ஆர் சொன்னது?

விக்னராஜா: நான்தான்.

சிவமலர்: எப்ப தொடங்கினது?

விக்னராஜா: அது... வந்து...

சிவமலர்: நான் சொல்லுறன். பலேர்மோ மலையிலை இருக்கிற சாந்தா றொசாலியா மாதாவுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன், நீங்கள் வெறுங்காலோடை ஏறோணும் எண்டு சொன்னன். அண்டு பின்னேரமே உங்களுக்கு நாரி பிடிச்சிட்டுது.

விக்னராஜா: நேர்த்தி வைக்கிறது நீர், ஏறுறது நானே? கதிர்காமத்துக்கே பஸ்ஸிலை போனவன் நான்!

சிவமலர்: உங்களுக்காக வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பட்டினி கிடக்கிறன். நான் ஏனெண்டு கேட்டனானே?

விக்னராஜா: சரி, என்னத்துக்கு நேர்த்தி எண்டாவது சொல்லும்.

சிவமலர்: சொன்னால் பலிக்காது.

விக்னராஜா: ...இஞ்சை இருக்கிறது முழுக்கப் பொம்பிளையள். இந்த ஊர் ஆம்பிளையளுக்கு நாரி நோகாதோ?

சிவமலர்: மெல்லமாக் கதையுங்கோ. பாக்கினம்.

விக்னராஜா: அந்த மூலையிலை இருக்கிற மனிசி என்னைப் பாத்துச் சிரிக்குது.

சிவமலர்: நல்ல புருசன் எண்டு நினைக்குது போலை. நினைச்சிட்டுப் போகட்டும்.

விக்னராஜா: சிவமலர்... படத்திலை எல்லாம் தெரியுமோ?

சிவமலர்: ஓம்.

விக்னராஜா: நோ இருக்கோ... இல்லையோ எண்டும்?

சிவமலர்: வயித்துக்குள்ளை கிடக்கிற பொய்யும் தெரியுமாம்.

விக்னராஜா: ...சரி. எனக்கு நாரி நோகேல்லை.

சிவமலர்: தெரியும்.

விக்னராஜா: தெரியுமோ!

சிவமலர்: ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தடியிலை கிறிக்கெற் அடிச்சனியள். விழுந்து புரண்டு கச் பிடிச்சதை உங்கடை சினேகிதர் றெஜி வீடியோ எடுத்து குறூப்பிலை போட்டவர்.

விக்னராஜா: அவனே! நாசமாப் போவான்... நல்ல கச், என்ன?

சிவமலர்: நல்ல கச்தான்.

விக்னராஜா: பின்னை எல்லாம் தெரிஞ்சும் ஏன் என்னை இவ்வளவு தூரம் இழுத்தந்தனீர்? வேலை வீட்டுச் சிக்னோராவிட்டை லீவு கேட்டு, அவவிட்டைப் பேச்சும் வாங்கி...

சிவமலர்: இருங்கோ, கதவு திறக்குது.

விக்னராஜா: பொறும், கூப்பிடுறாங்கள். என்ன இது... உம்மடை பேரையெல்லே அந்த நேர்ஸ் வாசிக்கிறா?

சிவமலர்: ஓம்.

விக்னராஜா: பிழையா எழுதிப்போட்டினம். இரும், நான் போய்ச் சொல்லுறன்.

சிவமலர்: பிழை இல்லை. படம் எனக்குத்தான்.

விக்னராஜா: உமக்கோ? உமக்கென்ன?

சிவமலர்: மார்பிலை... இடப்பக்கம். கட்டி மாதிரி ஒண்டு தட்டுப்படுது. ஆனி மாதம் துவக்கம்.

விக்னராஜா: ஆனி மாதமோ! அப்ப... அந்த நேர்த்தி...

சிவமலர்: சத்தம் போடாதேங்கோ.

விக்னராஜா: உமக்கென்ன விசரே? என்னட்டைச் சொல்லக்கூடாதே? இவ்வளவு நாளும் தனிய வைச்சுக்கொண்டு...

சிவமலர்: சொன்னால் நீங்கள் அழுவியள். பிறகு நான் இருந்து உங்களைத் தேத்தோணும். தனியத்தான் வருவம் எண்டு நினைச்சனான். ஆனால் கழுத்திலை ஒண்டும் இருக்கக்கூடாதாம், எல்லாத்தையும் கழட்டித் தட்டிலை வைக்கோணுமாம் எண்டு போனிலை சொன்னவை. தாலிக்கொடியைக் கழட்டி ஆசுப்பத்திரித் தட்டிலை வைக்க எனக்கு மனம் வரேல்லையப்பா... இந்தாங்கோ. நான் வருமட்டும் நீங்கள் கையிலை வைச்சிருங்கோ.