இடது பக்க மோட்டார்

டீ ஆறுவதற்குள் குடியுங்கள், திருமுருகன். இங்கே இதைத் தே தாரிக் என்பார்கள். கிள்ளானில் உங்கள் அண்ணன் அழகிரிக்குப் பிடித்த கடை இது. ஊரிலிருந்து மலேசியா வரை இவ்வளவு தூரம் வந்து, அவன் எப்படிச் செத்தான் என்று கேட்கிறீர்கள். மறைக்க எனக்கு மனமில்லை.

என் தம்பி கிஷனும் காண்ட்ராக்டர் ராதாகிருஷ்ணனிடம் மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர் ஓட்டியவன்தான். சக்கரத்துக்குப் பதில் ரப்பர் டிராக் போட்ட சின்ன வண்டி. பிரேக் தேய்ந்திருக்கிறது, மேட்டில் ஏற்றாதீர்கள் என்று மெக்கானிக்கான நானே அவரிடம் சொல்லியிருந்தேன். ஏற்றச் சொன்னார். வண்டி சரிந்து கிஷன் செத்தான். "ஏறாதன்னு சொன்னேன், பையன் கேக்கல லா" என்று போலீசிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் சண்டை போடவில்லை. அவர் வண்டிகளைத் தொடர்ந்து பழுது பார்த்தேன். அதனால்தான் தைப்பூசம் முடிந்ததும் என்னையே கூப்பிட்டார். "புது ஆளு ஓட்டுற வண்டி. இடது டிராக் இழுக்க மாட்டேங்குது."

புது ஆள் அழகிரி.

இதைச் சோதிப்பது எளிது. இரண்டு பக்கத்து எண்ணெய் ஹோஸ்களையும் மாற்றி மாட்ட வேண்டும். இப்போது வலது டிராக் நின்றால் கோளாறு பம்ப் பக்கம். இடதே நின்றால் மோட்டார். இடதுதான் நின்றது. பிரித்தேன். உள்ளே எண்ணெய் கசிந்து மோட்டார் பலமிழந்திருந்தது. அதைச் சரிசெய்தேன். மோட்டாரோடு சேர்ந்திருக்கும் பிரேக் தட்டுகளும் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. திறந்து பார்த்தால் வலது பக்கமும் அப்படியே. புதிது போடாமல் அவற்றையே துடைத்து, திரும்ப வைத்து மூடினேன்.

சமதளத்தில் வண்டி அருமையாக ஓடியது. ஆனால் வேலை பத்துமலைப் பக்கம் ஒரு சரிவில். கீழே நின்று கையாட்டி வழி சொல்வது ராதாகிருஷ்ணனின் பழக்கம். எனக்கு அது போதுமாக இருந்தது.

"விஜயண்ணே, பிரேக்கு புடிக்கும்ல?" என்று கேட்டான் அழகிரி.

"புடிக்கும். தைரியமா ஏறு."

பாதி மேட்டில் நிறுத்த லீவரை விட்டான். தானாகப் பிடிக்க வேண்டிய பிரேக் பிடிக்கவில்லை. வண்டி நிற்காமல் பின்னால் சரிந்தது. ராதாகிருஷ்ணன் அந்தப் பருத்த உடம்போடு அவ்வளவு வேகமாக விலகுவார் என்று நான் நினைக்கவில்லை. அழகிரி இளவட்டம், குதித்துத் தப்பிவிடுவான் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். குதிக்கத்தான் செய்தான். வண்டி சரிந்த பக்கமே குதித்து டிராக்கின் அடியில் போய்விட்டான்.

போலீஸ் விசாரித்தபோது, "பிரேக் சரியில்ல, ஏறாதன்னு சொன்னேன். அவன் கேக்கல" என்றேன். வேறென்ன சொல்வது? ராதாகிருஷ்ணனும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது அந்த ஒரு இடத்தில்தான்.

என்னை அப்படிப் பார்க்காதீர்கள். ஒரு உயிரைப் பறிகொடுத்த வீட்டின் வலி எனக்குத் தெரியாதா? நம் இரண்டு வீட்டுக்கும் எதிரி அவர் ஒருவர்தான். நாளைக்கு அவருடைய இன்னொரு வண்டியைப் பார்க்கப் போகிறேன். ஓட்ட ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

உங்களுக்கும் எக்ஸ்கவேட்டர் ஓட்டத் தெரியும்தானே, தம்பி?